குமிழ் நின்ற இடம்

போன வாரம் தம்பி அனுப்பிய பார்சலை அப்பா பிரித்தபோது உள்ளே இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று செங்கல் கனம் கனத்தது. இன்னொன்று சோப்புப் பெட்டி அளவுதான். அளவு எப்படியிருந்தாலும் இரண்டுக்கும் வேலை ஒன்றே. சிடிக்குள் வெறும் எண்களாகக் கிடக்கிற பாட்டை ஸ்பீக்கருக்குப் புரிகிற சத்தமாக மாற்றித் தருவது. அதற்கு 'டேக்' என்று பெயர். அப்பாவுக்கு அது 'டப்பா'.

"ஒரு வாரம் ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுக் கேளுங்கப்பா. பிடிச்சதை வெச்சுக்குங்க. மத்ததைத் திருப்பி அனுப்பிடலாம், கடையில வாங்கிக்குவாங்க" என்று போனில் சொல்லியிருந்தான்.

அந்த ஒரு வாரம் இன்றோடு முடிகிறது. சாயங்காலம் கூரியர்காரர் வருவார்.

தம்பி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போனபோது, புது வீட்டுக்குப் புதுசு வாங்கிக்கொள்கிறேன் என்று ஆம்ப்ளிஃபையரையும் இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு போன். "நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கேன்." "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு விடும் சத்தம். மருமகள் ஒரு தடவைகூட லைனுக்கு வந்ததில்லை. "அவ வேலையா இருக்காப்பா" என்பான்.

டப்பாக்கள் வந்த பிறகு தினமும் கூப்பிட்டான். தினமும்! அப்பா பேசின பேச்சு இருக்கிறதே, அம்மா செத்ததிலிருந்து அந்த வீட்டில் அவ்வளவு வார்த்தை விழுந்ததில்லை.

"சின்ன டப்பா இன்னும் செவப்புலயே நிக்குதுடா. அடிச்சா வெடிச்சிரும். பெரிசு மஞ்சளுக்கு வந்துருச்சு. எங்க அடிச்சாலும் வளையும்."

அவர் அப்படித்தான் பேசுவார். ஆயுசு முழுக்க இரும்பு அடிக்கிற தொழிற்சாலையில் ராட்சச சுத்தியல் மெஷினை ஓட்டியவர். பழுக்கக் காய்ச்சின இரும்பின் நிறத்தை வைத்துத்தான் எதையும் அளப்பார்.

"ஆமாப்பா! அதேதான். நானும் அதைத்தான் கேட்டேன்" என்று போனில் தம்பி துள்ளுவான்.

மகள், தம்பிக்கு மூத்தவள், பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒட்டாமல் திரும்பி வந்தவள். அவளுக்கு அந்தப் பேச்சில் பங்கு கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் தெரியும். அப்பாவுக்குக் காது போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

முழுசாகப் போகவில்லை. கனத்த சத்தம் கேட்கும். ஆண் குரல், போனைக் காதில் அழுத்தினால், கேட்கும். மணிச் சத்தம், விசில், பெண்குரல், குழந்தை அழுகை எல்லாவற்றையும் அந்த மெஷின் தின்றுவிட்டது. வாசல் மணி அடித்தால் கூடத்தில் ஒரு சிவப்பு பல்பு எரியும்படி அவள்தான் ஆளை வைத்து மாட்டினாள். வருகிறவர்களிடம் "சும்மா அழகுக்கு" என்பார். மகனுக்கு இது தெரியாது. தெரியக்கூடாது என்பது அவர் கட்டளை.

தெரிந்தால் என்ன ஆகும்? காது கேட்காதவரிடம் சத்தத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? மறுபடியும் வாரத்துக்கு ஒரு போன். நல்லா இருக்கீங்களா. நல்லா இருக்கேன்.

காலையில் அப்பா குளிக்கப் போயிருந்தார். பாட்டை நிறுத்தாமல் போயிருந்தார். சுவர் அதிர்ந்தது. அவள் தூசி துடைக்கிற துணியோடு ஸ்பீக்கர் அலமாரிக்குப் பின்னால் குனிந்தாள்.

வயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சிடி பிளேயரிலிருந்து புது வயர் பெரிய டப்பாவுக்குப் போகிறது. சரி. டப்பாவிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வயர் ஆம்ப்ளிஃபையரில் 'ஆக்ஸ்' என்று எழுதின ஓட்டைக்குப் போகிறது. அதுவும் சரி. ஆனால் பிளேயரிலிருந்து பழைய சிவப்பு வெள்ளை வயர் ஒன்று நேராக 'சிடி' ஓட்டைக்கும் போகிறது. யாரும் அதைப் பிடுங்கவில்லை.

முன்பக்கம் வந்து, எந்த ஓட்டை வழியாக வருவதைப் பாடவேண்டும் என்று திருப்பி வைக்கிற குமிழைப் பார்த்தாள். 'சிடி'யில் நின்றது.

ஓடுவது சிடிதானே, அப்போது குமிழ் சிடியில்தானே இருக்கவேண்டும் என்று நினைத்திருப்பார். வேறு யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஓடுகிற மெஷினில் கைவைக்காதே என்று தொழிற்சாலையில் சொல்லிச் சொல்லி வளர்ந்த மனுஷன். குமிழைத் தொடவே இல்லை.

ஆக, வாரம் பூராவும் பாட்டு டப்பா பக்கமே போகவில்லை. நேர் வழியில் வந்து, நேர் வழியில் போயிருக்கிறது. பெரிய டப்பாவின் நீல விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டு வேலை செய்யாமல் நிற்கிற ஆள் மாதிரி.

அவள் குமிழை 'ஆக்ஸ்'க்குத் திருப்பினாள். ஒரு இமைப்பொழுது பாட்டு அறுந்து மறுபடி பிடித்துக்கொண்டது. இப்போதுதான் டப்பா வேலை செய்கிறது. காதைக் கொடுத்துக் கேட்டாள். மறுபடி 'சிடி'. மறுபடி 'ஆக்ஸ்'. பாடுகிறவளின் மூச்சு, பின்னால் வருகிற சின்ன மணி, தந்தியில் விரல் உரசுகிற சத்தம்.

ஒரு வித்தியாசமும் இல்லை. இருப்பதுபோல ஒரு தடவை தோன்றியது. அடுத்த தடவை அதே வித்தியாசம் எதிர்ப்பக்கம் தோன்றியது.

குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. குமிழைப் பழைய இடத்தில் விட்டாள்.

"ஏய்! அதைத் தொடாத. செட்டிங் கலைஞ்சிரும்" என்று தலை துவட்டிக்கொண்டே வந்தார்.

"தூசி தட்டுறேன்பா."

"முடிவு பண்ணிட்டேன். பெரிசுதான்."

"ஏன் பெரிசு?"

அவள் வாயைப் பார்த்துக் கேள்வியைப் படித்துக்கொண்டார். "தூக்கிப் பாரு. என்ன கனம்! உள்ள சரக்கு இருக்கு."

"கனமா பாடுது?"

"உனக்கு ஓடுதான் தெரியும். இதெல்லாம் புரியாது."

அவள் திரும்பிக்கொண்டாள். "ஆமா, எனக்கு ஓடுதான் தெரியும். இந்த வீட்டுல ஒருத்தி இருக்கறது உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது."

முதுகைக் காட்டிச் சொன்னது அவர் காதில் விழாது. விழாதது சொன்னதில் சேராது. அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே சுதந்திரம் அது.

அவளுக்கு ஓடு தெரியும் என்பது பொய்யில்லை. டைல்ஸ் கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து உருளைகள் மேல் வருகிற டைல்ஸை, சூடு ஆறுமுன்னே, ஓரத்தில் பிடித்துத் தொங்கவிட்டு மரச்சுத்தியால் ஒரு தட்டு. நல்லதாக இருந்தால் 'டிங்'. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டொக்'. டிங் வலப்பக்கம், டொக் இடப்பக்கம். காலையிலிருந்து மாலைவரை அதுதான். கம்பெனியில் அவளுக்குப் பெயரே டிங்கக்கா. உதடு வெடிக்கிற அனலில் தட்டித் தட்டி மணிக்கட்டு வீங்கிப்போய், இரவில் துணி சுற்றிக்கொண்டு படுப்பாள்.

பக்கத்து வரிசையில் அட்டைப்பெட்டி கட்டுகிற பெண்ணுக்கு அன்றைக்கும் வாய் ஓயவில்லை.

"டிங்கக்கா, உன் காதை ஒரு நாள் எனக்கு வாடகைக்கு விடேன்."

"எதுக்கு?"

"என் வீட்டுக்காரன் மாடிக்குப் போய் யார்கூடப் பேசுறான்னு கேக்கணும்."

"அதுக்குக் காது வேண்டாம்டி. அவன் இறங்கி வர்றப்ப மூஞ்சியப் பாரு, போதும்."

சிரிப்பில் ஒரு தட்டின் சத்தம் தவறிப்போனது. டொக் ஒன்று வலப்பக்கம் போய் உட்கார்ந்தது. பெட்டிக்காரியே அதைத் தட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னக்கா, உனக்கே டொக்கு தெரியலையா? என்ன ஆச்சு?"

டீ இடைவேளையில் விஷயத்தைச் சொன்னாள். பெட்டிக்காரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வாரம் பூரா ஒண்ணையே கேட்டுட்டு, ரெண்டுக்கும் வித்தியாசம் சொன்னாரா! உன் தம்பி அதுக்குத் தலையாட்டினானா! அடக் கடவுளே!"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அவன் எப்படித் தலையாட்டினான்? எங்க அப்பாவாவது காது கேக்காம சொன்னார். இவனுக்குக் காது நல்லாத்தான இருக்கு? 'நானும் அதைத்தான் கேட்டேன்'னு எதைக் கேட்டான்?"

"அப்பன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்பான். நீ இன்னைக்குப் போய் உடைச்சுப் பேசிடு. ஒரு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்குவார். அப்புறம் சரியாப் போயிடும்."

"முகத்தைத் தூக்கினாப் பரவாயில்ல. அப்புறம் யார்கூடப் பேசுவார்?"

"ஏன், நீ இல்ல?"

அவள் டம்ளரின் அடியைப் பார்த்தாள். "என்கூடப் பேச என்னடி இருக்கு? உப்பு இருக்கா, மாத்திரை போட்டாச்சா, தண்ணி வந்துச்சா. முடிஞ்சுது."

சங்கு ஊதியது. பெட்டிக்காரி அவள் டம்ளரையும் சேர்த்துக் கழுவி வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் சின்ன டப்பா, பழைய செய்தித்தாள், நூல்கண்டு.

"நீ கட்டு. நான் கட்டினா அவிழ்ந்துரும்."

அவள் டப்பாவைக் கையில் எடுத்தாள். ஒரு வாரமாகக் கூடத்தில் இருந்தும் இப்போதுதான் முதல்முறை தொடுகிறாள். தொட்டதெல்லாம் திருப்பிப் பார்ப்பது தொழில் பழக்கம். திருப்பினாள்.

அடியில் நாலு மூலைக்கு நாலு ரப்பர் கால். மூன்று தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. நாலாவது இல்லை. அந்த இடத்தில் கம்பளித் துணியை மடித்து, வெட்டி, பசை போட்டு ஒட்டியிருந்தது. பின்பக்க ஓட்டைகளைச் சுற்றி வயர் சொருகிச் சொருகி வட்டமாகக் கீறல்.

பெரிய டப்பாவையும் போய்ச் சாய்த்துப் பார்த்தாள். மேலே விரல் படுகிற இடத்தில் பெயின்ட் மங்கியிருந்தது.

கடையிலிருந்து வந்த சாமான் இல்லை இது. யாரோ வீட்டில் வருஷக்கணக்காகப் புழங்கின சாமான். கம்பளித் துணியை அவ்வளவு நேர்த்தியாக வெட்டுகிற கை எது என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடும்போதே அப்படித்தான் வெட்டுவான்.

சின்ன டப்பாவைத் தாளில் சுற்றி நூல் கட்டி முடிக்கிறபோது சிவப்பு பல்பு எரிந்தது.

"யாரோ வந்திருக்காங்க பாரு" என்றார் அப்பா பெருமையாக.

கூரியர்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். தொப்பை வைத்த ஆள், முதுகுப் பையைக் கழற்றாமலே மூச்சு வாங்கினார். "சீக்கிரம் குடுங்கம்மா. இன்னும் நாலு மாடி ஏறணும். எல்லாரும் மாடியிலதான் குடியிருக்காங்க, கீழ் வீட்டுல பேய் இருக்கற மாதிரி. எந்த முகவரிக்கு?"

"கடை முகவரி அவன்கிட்டதான் கேக்கணும்" என்று அப்பா அவளைப் பார்த்தார். "போனைப் போடு. முதல்ல நான் பேசிடறேன்."

தம்பி உடனே எடுத்தான். போன் கையிலேயே இருந்திருக்கும்போல. அவள் ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி, அப்பாவின் காதருகில் நீட்டினாள்.

"டேய், பெரிசுதான்டா! நேத்து ராத்திரி ஒரு பாட்டு போட்டேன். அப்படியே வெள்ளைச் சூட்டுல இருந்து மஞ்சளுக்கு இறங்குது பாரு, அந்தப் பதம்! சின்னது ஓரத்துல கொஞ்சம் கருகுது."

"கரெக்ட்டாச் சொன்னீங்கப்பா. ஓரத்துல கருகும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

அப்பா அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினார். பார்த்தாயா, ஓட்டுக்காரி?

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டவள் இன்றைக்குத்தான் கிட்டத்தில் கேட்கிறாள். தம்பியின் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அதே சொல் இன்னொரு தடவை, மெல்லிசாக, ஒட்டிக்கொண்டு வந்தது.

"தம்பி, கூரியர்காரர் நிக்கிறார். கடை முகவரி சொல்லு."

கூரியர்காரர் பேனாவைத் திறந்தார்.

"சொல்லுடா. இல்லன்னா உன் வீட்டுக்கே அனுப்பிடவா? நீயே குடுத்துக்கிறியா?"

"வீட்டுக்கு அனுப்பாதக்கா." குரல் தரைக்கு இறங்கிவிட்டது. "எங்கயும் அனுப்ப வேண்டாம். அங்கயே இருக்கட்டும்."

"என்ன சொல்றான்?" அப்பா காதை நீட்டினார். அந்தத் தணிந்த குரல் அவருக்கு எட்டவில்லை.

அவளிடம் காலையிலிருந்து தொண்டையில் வைத்துக்கொண்டிருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. குமிழ் தப்பா இருந்துச்சுப்பா, நீங்க ரெண்டையும் கேக்கவே இல்ல. இதுதான் இடம். சொல்லிவிட்டால் அவள் பாரம் இறங்கிவிடும். காதை நீட்டிக்கொண்டிருக்கிற இந்தக் கிழவர் அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?

அவர் முகத்துக்கு நேரே திரும்பி, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"அவசரப்பட வேண்டாமாம்பா. ரெண்டையும் வெச்சுக்கிட்டு இன்னும் கொஞ்ச நாள் கேட்டுப் பாக்கச் சொல்றான். தினமும் கூப்பிடுறானாம்."

"அதான பார்த்தேன்! ஒரு வாரத்துல என்ன தெரியும்? பாவம் சின்ன டப்பா. அதுக்கும் ஒரு வாய்ப்புக் குடுக்கணும்ல!" கட்டின நூலை அவரே பல்லால் கடித்து அறுக்க ஆரம்பித்தார்.

கூரியர்காரர் எழுந்தார். "அப்ப நான் சும்மாத்தான் வந்தேனா? நல்ல குடும்பம்" என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனார்.

அப்பா சின்ன டப்பாவை அலமாரியில் வைத்து வயரை மாற்றிப் பாட்டைப் போட்டார். நீல விளக்கு எரிந்தது. அவள் போனை இடது கையில் பிடித்துக்கொண்டே போய், வலது கையால் குமிழை 'ஆக்ஸ்'க்குத் திருப்பிவிட்டாள். இனிமேலாவது டப்பா வேலை செய்யட்டும். பாட்டு அறுந்து மறுபடி பிடித்தது. அப்பா அவள் கையைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். உள்ளங்கையை ஸ்பீக்கரின் பக்கவாட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் போன் ஸ்பீக்கரை நிறுத்தி, அதைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இருக்கியாடா?"

"இருக்கேன்க்கா." கொஞ்சம் பொறுத்து அவனே கேட்டான். "நீ கேட்டியா? உனக்கு எது நல்லா இருந்துச்சு?"

இத்தனை நாளில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டா இருந்துச்சு."

அவன் சிரித்தான். "எனக்கும்தான்க்கா. எப்பவுமே."

அந்தச் சிரிப்பும் இரண்டாக வந்தது. ஒன்று அவனுடையது. இன்னொன்று சுவருடையது.

"தம்பி, கையை ஒரு தட்டு தட்டு."

"என்னது?"

"கை. ரெண்டு கையையும் சேத்து ஒரே ஒரு தட்டு."

"எதுக்குக்கா?"

"தட்டுடா."

தட்டினான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சத்தம் ஒரு சுவரில் பட்டு, எதிர்ச்சுவருக்குப் போய், மேலே ஏறி, கீழே விழுந்து, எங்கேயும் உட்கார இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. திரைச்சீலை இருந்தால் அது தின்றிருக்கும். மெத்தை இருந்தால் தின்றிருக்கும். சோபா, துணி அலமாரி, தரைவிரிப்பு, ஒரு வீட்டில் இருக்கிற எதுவாவது இருந்திருந்தால் அந்தச் சத்தம் அங்கே அடங்கியிருக்கும். அங்கே ஸ்பீக்கரும் இல்லை. பெண்டாட்டியும் இல்லை.

"எப்படா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனா?" என்றாள்.

அவன் போனை வைக்கவில்லை. காலியான அறையில் ஒருத்தன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் இரண்டிரண்டாக.

கூடத்திலிருந்து அப்பா கத்தினார்.

"ஏம்மா! இன்னும் லைன்ல இருக்கானா? சின்னதும் இப்ப பழுத்துருச்சுன்னு சொல்லு!"